காசிப் படகின் இரண்டு முளைகள்

மார்கழிக் குளிரில், இன்னும் விடியாத நேரத்தில் தசாஸ்வமேத படித்துறைக்கு இறங்குகிறவர்களின் காதில் விழும் சத்தங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டீக்கடைக்காரர் இஞ்சி நசுக்கும் சத்தம். அடுத்து, "போட் பாபுஜி, போட்!" பிறகு எங்கோ ஒரு மோட்டார் இருமிவிட்டுக் கிளம்பும். அது தூரப் போனதும் கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் அந்தப் பழைய சத்தம் கேட்கும்: க்ரீச்... டக். க்ரீச்... டக்.

'க்ரீச்' என்பது ஈரக் கயிறு மூங்கிலோடு உரசி முறுகுவது. 'டக்' என்பது துடுப்பு தன் முளையில் போய் உட்காருவது. காசிக்குப் போய் வந்தவர்கள் கோபுரம், சிதை, ஆரத்தி, நெரிசல் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். தங்களை நதியில் தூக்கிக்கொண்டு போன துடுப்பு படகின் எந்த இடத்தில், எதனால் பிடிபட்டு நின்றது என்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டு மரமுளைகள், இரண்டு கயிற்று வளையங்கள், அவ்வளவுதான். நதியின் நடுவில் உயிருக்குப் பிணை அதுதான்.

சில ஏரிகளின் வாடகைப் படகுகளில் லாடம் போல வளைந்த இரும்புக் கவை ஒன்று விளிம்பில் செருகியிருக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதை ரோலாக் என்பார்கள். துடுப்பை அதில் வைத்தால் உட்காரும். கொஞ்சம் அசிரத்தையாகத் தூக்கினால் எகிறி வெளியே வந்துவிடும். ஸ்ரீநகர் தால் ஏரியில் சிகாரா ஓட்டுகிறவருக்கு அந்தக் கவையும் கிடையாது. இதய வடிவ அலகு கொண்ட குட்டைத் துடுப்பு அவர் கையில் இருக்கும். அவருடைய ஒரு கையே முளை. காசிப் படகு இந்த இரண்டிலும் சேராது. இங்கே துடுப்பு என்பது பத்தடிக்குக் குறையாத கழி, பெரும்பாலும் மூங்கில். நுனியில் ஒரு பலகைத் துண்டை ஆணியடித்து முடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நீளத்தைக் கையால் மட்டும் ஆள முடியாது. படகின் விளிம்பில் அதற்கு ஓர் ஊன்றுகோள் வேண்டும்.

எனக்கு வாய்த்த படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், தலையில் சுற்றிய கம்பளி மப்ளர், வாயில் பான். உரிமம் சம்பந்தமாக ஒரு தகராறு நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மல்லா சாதி, தங்களை நிஷாதர்கள் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை. ராமனைக் கங்கை கடத்திய நிஷாத ராஜன் அவர்களுக்கு முன்னோர். நமக்கு அவர் குகன். கம்பன் அவரை ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவனாக்கி, ராமனுக்கு ஐந்தாவது உடன்பிறப்பாகவும் ஆக்கிவிட்டான் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். "தமிழ்நாட்டிலும் அவரைத் தெரியுமா?" என்று துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆயிரம் ஓடம் என்ற கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. "அப்போது உரிமக் கட்டணம் இருந்திருக்காது" என்றார்.

அவரிடம் இரண்டு படகுகள். ஒன்று இந்தத் துடுப்புப் படகு. மற்றது மோட்டார் வைத்தது. அதை மகன் ஓட்டுகிறார். இந்த இரண்டு படகுகளுக்கும் இடையில் நடக்கிற வழக்கு முளைகளைப் பற்றியது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிளம்புவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, கயிறுகளில் நீர் தெளித்தது. ஏதோ சடங்கு என்று என்னுடன் வந்த நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சடங்கு இல்லை. இயற்கை நார்க்கயிறு நனைந்தால் பருத்து, நீளம் குறைந்து இறுகும். காய்ந்தால் தளரும். ராத்திரி முழுக்கக் காய்ந்த கயிற்றோடு கிளம்பினால் முதல் நூறு இழுப்புக்குத் துடுப்பு முளையில் தடதடவென்று மோதிக்கொண்டே இருக்கும். அந்த மோதல் முளையின் குழியைப் பெரிதாக்கும். நைலான் கயிறு மலிவு, நாளாவட்டத்தில் மக்காது. ஆனால் நனைந்தால் இறுகாது. இழுபடும், முடிச்சும் வழுக்கும். "நைலான் படகைக் கட்ட. துடுப்பைக் கட்ட அல்ல" என்பது அவருடைய தீர்ப்பு.

இடது பக்கக் கயிறு தேய்ந்திருந்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டு என் கண்ணெதிரிலேயே புதிதாகக் கட்டினார். சுண்டுவிரல் கனத்தில் ஒன்றரை முழத்துக்குச் சற்றுக் கூடுதலான கயிறு. முளையின் அடியில் இரண்டு சுற்று. பிறகு எட்டு என்ற எண்ணைப் போல ஒரு குறுக்குப் பின்னல். பிறகு துடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று. மிச்ச நுனிகளைப் பிரித்து, கயிற்றின் புரிகளுக்கிடையிலேயே செருகி முறுக்கிவிட்டார். முடிச்சு என்று வெளியே தெரிய ஒன்றும் இல்லை. முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் மூங்கில் அதையே உரசி உரசித் தின்றுவிடுமாம்.

கடைசியாக, வளையத்துக்கும் துடுப்புக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். அதுதான் அளவு. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இறுக்கம் அதிகம். துடுப்பு முன்னும் பின்னும் மட்டும் போவதில்லை; ஒவ்வொரு இழுப்பிலும் நீரில் இறங்க வேண்டும், ஏற வேண்டும், அலகு கொஞ்சம் புரளவும் வேண்டும். இறுகக் கட்டிய துடுப்பு புரளாது. ஓட்டுகிறவரின் மணிக்கட்டுதான் புரளும். சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். மூன்று விரல் நுழைந்தால் தளர்ச்சி அதிகம். இழுக்கிற சக்தியில் ஒரு பங்கு, துடுப்பு முளையைத் தேடிப் போவதிலேயே செலவாகிவிடும்.

வளையம் துடுப்பில் எந்த இடத்தில் உட்கார வேண்டும்? இங்கே மூங்கிலே உதவுகிறது. ஒரு கணுவுக்கு வெளிப்பக்கமாக, அலகு இருக்கும் திசையில், வளையத்தைப் போடுகிறார்கள். கணுவின் புடைப்பு வளையத்தில் தட்டி நிற்பதால் துடுப்பு நழுவி நதிக்குள் போகாது. மேல்நாட்டுத் துடுப்புகளில் இதே வேலைக்காகத் தோல்பட்டையும் ஒரு வளையமும் தனியாகப் பொருத்துகிறார்கள். மூங்கிலில் அது இலவசமாக வருகிறது. உரசும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். கைப்பிடி தொடங்கி அந்தக் கணு வரை மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல், மூன்றில் ஒரு பங்குக்குள். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான். உள்ளே நீளம் கூடினால் இழுக்க லேசு, ஆனால் படகு நகர்வது கொஞ்சம். வெளியே நீளம் கூடினால் ஒவ்வொரு இழுப்புக்கும் படகு தாவும், ஆனால் தோள் கழன்றுவிடும். இளைஞர்கள் ஒரு கணு உள்ளே தள்ளி வைப்பார்களாம். வயதாக ஆக வளையம் வெளியே நகரும். "என் அப்பாவின் துடுப்பைப் பார்த்தே அவருக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம்" என்றார்.

இனி முளை. விளிம்புப் பலகையின் மேல் தடிமனான ஒரு கட்டையை ஆணியடித்துப் பதித்து, அதில் துளையிட்டு, கீழ்ப்பக்கம் சற்றே கூம்பிய கடின மரமுளையைச் சம்மட்டியால் இறக்கியிருக்கிறார்கள். நீரில் ஊறினால் மரம் உப்பி இறுகும். மே மாத வெயிலில், பாதரசம் 45 டிகிரியைத் தொடும் நாட்களில், சுருங்கி ஆடத் தொடங்கும். அப்போது மெல்லிய மூங்கில் சீவலைப் பக்கத்தில் செருகி நீர் ஊற்றுவார்கள். ஏன் இரும்பு முளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டேன். எல்லாப் பயணிகளும் கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும். பதில் தயாராக இருந்தது. பெரிய படகு ஒன்று வந்து துடுப்பில் மோதினால் முதலில் அறுந்துபோக வேண்டியது கயிறு. அது தாங்கிவிட்டால் அடுத்து முறிய வேண்டியது முளை. இரும்பு முளை முறியாது; அது தன்னைத் தாங்கும் பலகையைப் பிய்த்துக்கொண்டு போகும். கயிற்றை அவரே மாற்றிக்கொள்வார். முளையையும் அவரே செதுக்கிக்கொள்வார். விளிம்புப் பலகை போனால் தச்சர் வர வேண்டும், படகைக் கரையேற்ற வேண்டும், வருமானம் நிற்கும். வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் கம்பியை ஏன் மெல்லியதாக வைக்கிறோமோ, அதே காரணம்.

துடுப்பு முளைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலும் சூட்சுமம் உண்டு. ஓட்டுகிறவர் படகின் முன்பக்கம் உட்கார்ந்து, பயணிகளைப் பார்த்தபடி, போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இழுக்கிறார். துடுப்பு முளைக்குப் பின்னால், அதாவது பயணிகள் பக்கமாக இருந்தால், ஒவ்வொரு இழுப்பிலும் அது முளையை முன்னோக்கித் தள்ளும். சுமை முளையின் மேல். கயிறு சும்மா துணைக்கு இருக்கும். முளைக்கு முன்னால் இருந்தால் முழுச் சுமையும் கயிற்றின் மேல். இழுப்பு மெத்தென்று இருக்கும். ஆனால் கயிறு அறுந்தால் ஓட்டுகிறவர் மல்லாந்து விழுவார். ஏறு நதியில் அவர் முதல் முறையையே நம்புகிறார்.

ஏறு நதி என்பது அசிப் பக்கம். கங்கை இந்த ஊரில் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. காசிக்கு அதனால்தான் கூடுதல் புண்ணியம். அசியிலிருந்து ராஜ்காட் வரை மேற்குக் கரை முழுவதும் படித்துறைகள். 84 என்று கணக்குச் சொல்கிறார்கள். தசாஸ்வமேதத்திலிருந்து மணிகர்ணிகைக்கு நீரோட்டமே கொண்டுபோய்விடும். துடுப்பு திசை காட்டினால் போதும். அசிக்குப் போவதென்றால் ஒவ்வொரு கஜத்தையும் சம்பாதிக்க வேண்டும். நடு நதியில் வேகம் அதிகம் என்பதால் கரையை ஒட்டியே போகிறார்கள். கரையை ஒட்டினால் வேறு தொல்லை: கட்டிப்போட்ட படகுகள், அவற்றின் நங்கூரக் கயிறுகள், நட்டுவைத்த மூங்கில்கள், குளிக்கிறவர்கள்.

கயிற்று வளையத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. இரண்டு படகுகளுக்கு நடுவே நாலடி சந்து. துடுப்பை விரித்தபடி போக முடியாது. அவர் கைப்பிடியை விட்டுவிட்டார். துடுப்பு வளையத்தில் தொங்கியபடி படகின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நாய்க்குட்டி போலக் கூடவே வந்தது. அவர் எழுந்து 'லக்கி' என்கிற நீண்ட மூங்கில் கழியை எடுத்து நதியின் தரையில் ஊன்றித் தள்ளினார். சந்தைத் தாண்டியதும் உட்கார்ந்து, குனியாமல், பார்க்காமல், இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டார். இரும்புக் கவையாக இருந்திருந்தால் துடுப்புகளை எடுத்துப் படகுக்குள் போட்டு, பயணிகளின் முழங்காலில் இடித்து, மறுபடி எடுத்து மாட்டியிருக்க வேண்டும். வளையம் இருந்தால் நடு நதியில் கையை விட்டுவிட்டு பீடி பற்றவைக்கலாம், பூ விற்கும் சிறுவனிடம் பேரம் பேசலாம், விழுந்த குழந்தைக்குக் கயிறு வீசலாம்.

கேதார படித்துறையை நெருங்கும்போது தமிழ் கேட்கத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கோயில் சுவர், நம் ஊர்க் கோயிலை யாரோ பெயர்த்து வந்து வைத்ததைப் போன்ற ஒரு தோற்றம். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இங்கே வந்து மடம் கண்டார். கொஞ்சம் தெற்கே அனுமன் படித்துறை. 1898இலிருந்து சில ஆண்டுகள் சுப்பிரமணிய பாரதி தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்த பகுதி. அங்கிருந்து வந்த பெரிய படகு ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகள் பத்துப் பேர். ஓட்டுகிற பையன் எங்கிருந்தோ பொறுக்கிய தமிழில், "உக்காருங்கம்மா, ஆடாதீங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். "நீ மெதுவாப் போடா தம்பி, நாங்க ஏன் ஆடுறோம்" என்றார் ஒரு பாட்டி. ஆட்டம் இருவராலும் இல்லை. அப்போதுதான் ஒரு மோட்டார் படகு தாண்டிப் போயிருந்தது.

மோட்டார் படகு எழுப்பும் அலை துடுப்புப் படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போடுகிறது. ஒரு பக்கத் துடுப்பு நீருக்கு மேலே வீணாகக் காற்றை வெட்டும். மறுபக்கத் துடுப்பு ஆழத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கைப்பிடி மார்பில் வந்து இடிக்கும். கயிறு நல்லதாக இருந்தால் துடுப்பு கையைவிட்டுப் போனாலும் படகைவிட்டுப் போகாது. என் படகோட்டி அலை வருவதைப் பார்த்ததும் இரண்டு அலகுகளையும் நீரின் மேல்மட்டத்தில் தட்டையாகப் பரப்பிவிட்டார், பறவை இறக்கையை விரிப்பதைப் போல. படகு இரண்டு முறை ஆடிவிட்டு அடங்கியது.

சிவாலா படித்துறையில் சேத் சிங்கின் கோட்டை நிற்கிறது. 1781 ஆகஸ்ட்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி ராஜாவைத் தன் மாளிகையிலேயே காவலில் வைத்தார். கலவரம் மூண்டபோது ராஜா தலைப்பாகைத் துணிகளை ஒன்றோடொன்று முடிந்து, நதிப்பக்கச் சுவர் வழியாக இறங்கி, காத்திருந்த படகில் ஏறித் தப்பினார். மழைக்காலத்து கங்கை, அவசரம், துடுப்பு. அந்தப் படகின் முளை கட்டியவர் யார் என்று எந்த சரித்திரத்திலும் இல்லை. "எங்கள் ஆள்தான். வேறு யார்?" என்கிறார் இவர், சந்தேகமே இல்லாமல். இன்னும் சற்றுத் தெற்கே போனால் நிஷாத படித்துறை. வலைகளும் கவிழ்த்துவைத்த படகுகளுமாக அது சுற்றுலாப் படங்களில் அதிகம் தலைகாட்டாத இடம்.

நதியில் யார் எதை ஓட்டலாம் என்பது இங்கே பழைய சண்டை. எந்தக் குடும்பம் எந்தப் படித்துறையில் பயணிகளை ஏற்றலாம் என்று பரம்பரை உரிமை உண்டு. மானிடவியல் ஆய்வாளர் அஸ்ஸா டோரன் இந்தப் படகோட்டிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 1989இல் ராம்நகரிலிருந்து மாளவியா பாலம் வரையிலான நதிப்பகுதி ஆமைகளுக்கான சரணாலயமாக்கப்பட்டபோது மணல் அள்ளிப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடி விழுந்தது. அந்த அறிவிக்கை பின்னாளில் ரத்தானது. 2018இல் அலக்நந்தா என்ற சொகுசுப் படகு வந்தது. 2023 ஜனவரியில் கங்கா விலாஸ் கப்பல் இங்கிருந்து திப்ருகருக்குப் புறப்பட்டது. டீசல் படகுகள் சிஎன்ஜிக்கு மாற்றப்பட்டன. நதியில் மிதக்கும் எரிவாயு நிலையமும் நமோ படித்துறையில் வந்துவிட்டது. இப்போது புகை குறைவு என்பதை இவரும் ஒப்புக்கொள்கிறார். அலை குறையவில்லை என்பது இவர் வாதம்.

வருமானம் எந்தப் பக்கம் என்பதில் வாதமே இல்லை. மாலை ஆரத்தி நேரத்தில் ஒரு மோட்டார் படகு இவர் ஏற்றுவதைப் போலப் பல மடங்கு ஆட்களை ஏற்றுகிறது. இவர் ஒரு நடை போய் வருவதற்குள் அது மூன்று நடை முடித்துவிடுகிறது. துடுப்புப் படகைத் தேடி வருகிறவர்கள் விடியலைப் படம் எடுக்க வருகிறவர்கள், புதுமணத் தம்பதிகள், அஸ்தி கரைக்க வருகிறவர்கள். கடைசி வகையினர் மோட்டார் சத்தத்தை விரும்புவதில்லை. "பாதி வழியில் நிறுத்தச் சொல்வார்கள். துடுப்பை விட்டுவிட்டு நானும் கை கூப்புவேன்" என்றார். அந்த நேரத்துக்கும் வளையம் வேண்டும்.

மகனைத் திரும்பும்போது பார்த்தேன். முப்பது வயது, ஜீன்ஸ், காதில் போன். அவர் தன் படகை மோட்டாருக்கு மாற்றியபோது செய்த முதல் காரியம் முளைகளைப் பிடுங்கியது. காரணம் நியாயமானதுதான். முளையும் அதைத் தாங்கும் கட்டையும் இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் இடத்தை அடைக்கின்றன; புடவை மாட்டிக் கிழிகிறது; பத்தடித் துடுப்புகளை வைக்கவும் இடமில்லை. உரிமத்தில் மோட்டார் படகு என்று எழுதியான பிறகு துடுப்பு எதற்கு? பரிசோதனைக்கு வருகிறவர்களும் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளை எண்ணுகிறார்கள், ஆட்களை எண்ணுகிறார்கள். என்ஜின் நின்றால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை என்கிறார் தந்தை.

என்ஜின் நின்றது. ஓர் ஐப்பசி மாலை, ஆரத்தி முடிந்து, ராஜ்காட் பக்கத்து விடுதிக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தோடு. இருட்டில், ஓட்டம் வேகமாக இருந்த இடத்தில். மாளவியா பாலம் 1887இல் டஃபரின் பாலமாகத் திறக்கப்பட்டது. மேலே வாகனங்கள், கீழே ரயில். அதன் தூண்களைச் சுற்றி நீர் பிளந்து சுழித்துப் போகும். திசை இல்லாத படகை ஓட்டம் முதலில் பக்கவாட்டில் திருப்பும். பக்கவாட்டில் போய்த் தூணில் மோதினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நீருக்குள் போகும். மகன் லக்கியை ஊன்றிப் பார்த்தார். தரை எட்டவில்லை. பலகை ஒன்றைப் பிடுங்கிக் கையால் துழாவினார். அகலமான, கனமான படகு. ஊன்றுகோள் இல்லாத பலகை அதன் முகத்தைத் திருப்பக்கூடப் போதவில்லை. மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் சின்னப் படகில் குறுக்கே வந்து கயிறு வாங்கி இழுத்துக் கரையில் சேர்த்தார். துடுப்புப் படகு. இரண்டு முளை.

"நல்ல என்ஜினுக்கு எல்லாம் ஒருமுறை நடக்கும்" என்கிறார் மகன். எரிபொருள் குழாயில் அடைப்பாம். இப்போது மாதம் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுகிறார். தந்தை வேறு மாதிரி பதில் சொன்னார். சம்பவம் நடந்த மறுவாரம், மகன் ஒரு கல்யாணத்துக்காக மிர்சாபூர் போயிருந்தபோது, மோட்டார் படகின் விளிம்பில் கட்டை பதித்து இரண்டு முளைகளை அடித்துவிட்டார். இருக்கையின் மூலையைச் சற்று அறுத்து, புடவை மாட்டாமலிருக்க மேலே துணி சுற்றி. துடுப்புகளை விதானத்தின் கீழ் நீளவாக்கில் தொங்கவிட்டார். மகன் வந்து பார்த்தார், சத்தம் போட்டார், முளைகளைப் பிடுங்கினார். தந்தை மறுபடி அடித்தார். மூன்றாவது முறை மகன் பிடுங்கவில்லை. ஆனால் கயிறு கட்டவும் இல்லை.

"கயிறு இல்லாத முளை துணி காயப்போடத்தான் ஆகும்" என்று தந்தை என்னிடம் சொன்னது மகனுக்கும் கேட்டிருக்கும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தந்தை சொல்வதுதான் சரி என்று படுகிறது. நாற்பது பேரை இருட்டில் ஏற்றிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு முழக் கயிறு கட்டுவது பெரிய செலவல்ல. ஆனால் மகன் சொல்கிற ஒன்றையும் தள்ள முடியவில்லை. நாற்பது பேரோடு இருக்கும் கனமான படகை இரண்டு துடுப்பால் இழுத்துக் கரைசேர்க்க யாரால் முடியும் என்று அவர் கேட்டார். தந்தைக்குப் பதில் இருந்தது: "இழுக்க வேண்டாம். முகத்தை மட்டும் திருப்பு. தூணுக்கு நடுவே நேராகப் போனால் நதியே அந்தப் பக்கம் விட்டுவிடும்." அதற்கு மகன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முளை ஒன்றைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

மழைக்காலத்தில் இந்த வழக்குக்கு விடுமுறை. ஜூலையில் நதி ஏறத் தொடங்கினால் படித்துறைகள் ஒன்றோடொன்று துண்டிக்கப்படும். நிர்வாகம் படகுகளை நிறுத்தச் சொல்லும். இங்கே அபாய அளவு 71.26 மீட்டர். 1978இல் நீர் 73.90 மீட்டர் வரை ஏறியது. அந்த வருஷம் தெருக்களில் படகு விட்டதை இவர் சிறுவனாகப் பார்த்திருக்கிறார். சந்துகளில் துடுப்பை விரிக்க இடமில்லாததால் லக்கிதான் உதவியதாம். நீர் மேல்படிக்கு வரும்போது படகுகளை இழுத்து உயரத்தில் கட்டுவார்கள். சிலர் கவிழ்த்துத் தார் பூசுவார்கள், பலகை இடுக்குகளில் பஞ்சு அடைப்பார்கள். இவர் வளையங்களை அறுத்து நதியில் விட்டுவிட்டு, நாலு முளைகளையும் தட்டிக் கழற்றி, துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். மழையில் ஊறினால் பிளந்துவிடும். அங்கேயே விட்டால் யாராவது அடுப்புக்கு எடுத்துப் போய்விடுவார்கள். சமையலறைப் பரணில் கடுகெண்ணெய் தடவி வைப்பது மனைவியின் பொறுப்பு. போன வருஷம்தான் முதல்முறையாக இரண்டுக்குப் பதில் நாலு முளைகளுக்கு எண்ணெய் தடவியதாக அந்த அம்மாள் சொன்னார்.